பதினேழு வயதில் புகழ், பிறகு வரிசையாக 21 தோல்விகள்: ஜஸ்டின் ரோஸின் கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

"போன வருஷம் வரைக்கும் நல்லா ஆடிட்டு இருந்தான் மேடம். இப்ப என்ன ஆச்சுன்னே தெரியல." விளையாட்டு உளவியல் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பிள்ளை பதினைந்து, பதினாறு வயதில் வயதுக்கு மீறிய ஒரு வெற்றியைப் பெற்றிருக்கும். செய்தித்தாளில் படம் வந்திருக்கும், பள்ளியில் மேடையேற்றிப் பாராட்டியிருப்பார்கள். அதன்பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும் ஆரம்பச் சுற்றோடு திரும்பி வந்திருக்கும். வீட்டில் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும்: தலைக்கனம் வந்துவிட்டது, இல்லையென்றால் செல்போன். நான் பார்த்த அளவில், பெரும்பாலும் இரண்டுமே உண்மையான காரணம் இல்லை.

இப்படி வருகிறவர்களிடம் இங்கிலாந்து கோல்ஃப் வீரர் ஜஸ்டின் ரோஸைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். கோல்ஃப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் இந்தக் கதை புரியும்.

ரோஸ் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க்கில், 1980-ல். ஐந்து வயதில் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. 1998 ஜூலையில் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் நடந்த, கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான ஓபன் சாம்பியன்ஷிப்பில் அமெச்சூர் வீரராகக் கலந்துகொண்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. காற்றும் மழையும் பெரிய வீரர்களையே அலைக்கழித்த இரண்டாம் சுற்றில் 66 அடித்தார் (கோல்ஃபில் அடிகளின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது). கடைசி நாள், கடைசிக் குழி. நீண்ட புல்லுக்குள் கிடந்த பந்தைத் தூரத்திலிருந்தே தூக்கி அடித்தார், அது நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. கூட்டம் எழுப்பிய சத்தத்தை இன்றும் காணொளியில் கேட்கலாம். நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். மறுநாளே தொழில்முறை வீரராக மாறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஒரு கோல்ஃப் போட்டி பொதுவாக நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் ஏறத்தாழப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த எல்லைக்கோட்டுக்குப் பெயர் 'கட்'. அதைத் தாண்டாதவருக்குப் பரிசுப் பணம் கிடையாது, பயணச் செலவும் தங்கும் செலவும் கைக்காசு. ரோஸ் தொழில்முறை வீரரானபின் ஆடிய முதல் 21 போட்டிகளில் ஒன்றில்கூட அந்தக் 'கட்'டைத் தாண்டவில்லை. வாரம் மாறியது, ஊர் மாறியது, முடிவு மட்டும் மாறவில்லை. பர்க்டேலில் கொண்டாடிய அதே பத்திரிகைகள் இப்போது எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தன.

திறமை ஒரு வாரத்தில் ஆவியாகிப் போகாது. அப்படியானால் என்னதான் நடந்தது? ரோஸின் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஆனால் இதே நிலையில் வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பர்க்டேலில் அந்தப் பையனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. நன்றாக ஆடினால் ஆச்சரியம், மோசமாக ஆடினால் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த போட்டியிலேயே எல்லாம் தலைகீழ். நன்றாக ஆடினால் அது இயல்பு, மோசமாக ஆடினால் செய்தி. உடலும் மட்டையும் அதேதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இருக்கும் அர்த்தம் மாறிவிட்டது. அதுவரை பந்தைப் பார்த்து ஆடிய பிள்ளை, 'நான் நிஜமாகவே அந்த அளவுக்குத் திறமைசாலியா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஆடத் தொடங்குகிறது.

அந்தக் கேள்வி வந்ததும் கவனம் உள்ளே திரும்பும். பல்லாயிரம் முறை செய்து பழகிய ஓர் அசைவை உடல் தானாகச் செய்துவிடும். அதை ஒவ்வொரு துண்டாகக் கண்காணிக்க ஆரம்பித்தால் கெட்டுப்போகும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், அப்போதுதான் தடுமாறுவோம். கோல்ஃப் இதற்கு மிகவும் வசப்படும் விளையாட்டு. பந்து அசையாமல் கிடக்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் உண்மையில் மட்டையைச் சுழற்றும் நேரம் சில நிமிடங்கள்தான். மிச்சமெல்லாம் நடப்பதற்கும் யோசிப்பதற்கும். துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை, டென்னிஸ் சர்வீஸ், கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ இவற்றிலும் இதே ஆபத்து உண்டு. பாய்ந்து வரும் பந்துக்கு உடனே எதிர்வினை காட்டும் இடங்களில் யோசிக்க நேரம் இல்லாததால் கொஞ்சம் குறைவு.

இந்த நிலையில் பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நுட்பத்தை மாற்றுவது. பிடியை மாற்று, நிற்கும் விதத்தை மாற்று, கோச்சை மாற்று. ஏற்கெனவே தன் அசைவையே கண்காணித்துத் தவிக்கும் பிள்ளைக்குக் கண்காணிக்க இன்னும் நாலு விஷயம் கொடுத்ததாகிறது. நுட்பத் திருத்தம் தேவைப்படலாம், மறுக்கவில்லை. அதைப் போட்டிகள் இல்லாத மாதங்களில், ஒரே ஒரு பயிற்சியாளரின் மேற்பார்வையில் செய்யுங்கள். போட்டி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடலைப் பார்த்துவிட வேண்டும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பலர் நேராக 'மனரீதியான பிரச்சினை' என்ற முடிவோடு வருகிறார்கள். பதின்ம வயதில் கைகால்கள் சில மாதங்களிலேயே கணிசமாக வளரும், அப்போது பழைய ஒருங்கிணைப்பு தற்காலிகமாகக் குலைவது இயற்கை. இரும்புச்சத்துக் குறைவு, தூக்கக் குறைவு, சொல்லாமல் மறைத்த காயம், போதிய உணவில்லாமல் கடும் பயிற்சி என எதுவும் ஆட்டத்தைக் கெடுக்கும். பெண் பிள்ளைக்குப் பயிற்சி கூடிய காலத்தில் மாதவிடாய் நின்றுபோனாலோ தள்ளிக்கொண்டே போனாலோ, 'விளையாடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். உடலுக்கு எரிபொருள் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பையே பாதிக்கலாம். முதலில் மருத்துவர், அப்புறம்தான் நான்.

சரி, ரோஸுக்கு வருவோம். பெரிய போட்டிகளுக்கு அழைப்பின் பேரில் போய்த் தோற்றுக்கொண்டிருந்தவர், ஐரோப்பியச் சுற்று எனப்படும், ஆண்டு முழுக்க நடக்கும் தொடர் போட்டிகளுக்கான தகுதிப் போட்டிக்குப் போனார். கியூ ஸ்கூல் என்பார்கள். இறுதிக் கட்டம் மட்டுமே ஆறு சுற்று. தொலைக்காட்சி வெளிச்சம் அதிகம் இல்லாத, நரம்பை முறுக்கும் போட்டி. அதில் தேறினால் கிடைப்பது அடுத்த ஆண்டு ஆடுவதற்கான அனுமதி மட்டும்தான். அவர் அதை ஒருமுறை தாண்டியும் இடத்தைத் தக்கவைக்க முடியாமல் மறுபடியும் போக வேண்டி வந்தது. 2001-ல் தென்னாப்பிரிக்காவில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டாம் இடம். 2002-ல் தென்னாப்பிரிக்கா, ஜப்பான், இங்கிலாந்து என்று நான்கு பட்டங்கள்.

கியூ ஸ்கூல் பகுதியை நான் பெற்றோரிடம் விரிவாகவே சொல்வேன். மாநில அளவில் ஜெயித்த பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள் என்றால் முகம் சுருங்கும். 'நாலு பேர் என்ன சொல்வாங்க?' ஆனால் தொடர்ந்து தோற்கும் பிள்ளைக்கு, முயன்றால் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு படி வேண்டும். தன் ஆட்டத்தை யாரும் அளந்து பார்க்காத இடத்தில் சில போட்டிகள் ஆடுவது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

ரோஸின் தந்தை கென் ரோஸ்தான் அவருக்கு முதல் பயிற்சியாளரும். 2002 ஜூனில் மகன் இங்கிலாந்து மண்ணில் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ் வென்றபோது அவர் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பரில் இறந்துவிட்டார். ரோஸுக்கு வயது 22. ஒரே மரணத்தில் அப்பாவும் கோச்சும் சேர்ந்து போனார்கள்.

அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளராக இருக்கும் வீடுகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது தவறு இல்லை, பல வீரர்கள் அப்படித்தான் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வேடத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்க வேண்டும். போட்டி முடிந்து வீடு திரும்பும் பயணத்தைத்தான் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அதிகம் பயந்து பேசுகிறார்கள். தோற்றதைவிட, காரிலோ பைக்கிலோ அப்பா பேசப்போவதுதான் பெரிய பயம். அந்தப் பயணத்தில் பெற்றோராக மட்டும் இருங்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பயிற்சி நேரத்தில், மைதானத்தில் பேசலாம். பிள்ளையே பேச்சை எடுத்தால் கேளுங்கள், உடனே திருத்தாதீர்கள்.

ரோஸின் பாதை அதன்பிறகும் நேர்கோடாக ஏறவில்லை. அமெரிக்காவில் நடக்கும் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில், 2004-ல் முதல் இரண்டு நாளும் முன்னணியில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் 81 அடித்தார். அமெரிக்கச் சுற்றில் முதல் பட்டம் 2010-ல்தான். அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த ஒரு தொடர்ச்சி உண்டு. ஜூன் தொடக்கத்தில் மெமோரியல் போட்டியை வென்றார். சில வாரங்களில் டிராவலர்ஸ் போட்டியில் மூன்று அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 75 அடித்துக் கோட்டைவிட்டார். அடுத்த வாரமே மறுபடி முன்னணியோடு கடைசி நாளுக்குள் போனார், இந்த முறை ஜெயித்தார். ஏழு நாளில் மட்டையைச் சுழற்றும் விதம் மாறியிருக்க வாய்ப்பில்லை. போன ஞாயிற்றுக்கிழமையின் சுமையோடு இந்த ஞாயிற்றுக்கிழமை நிற்கத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

2013-ல் மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓபன், தந்தையர் தினத்தன்று. 2016-ல், 112 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்பிய கோல்ஃபில் தங்கம். 2018-ல் உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் மாஸ்டர்ஸ் பட்டம் 2025 வரை கைக்கு வரவில்லை. 2015, 2017, 2025 என மூன்று முறை இரண்டாம் இடம், அதில் கடைசி இரண்டும் பிளேஆஃபில், அதாவது சமநிலையை உடைக்க ஆடும் கூடுதல் ஆட்டத்தில். 2025 ஏப்ரலில் அப்படித் தோற்றவர், அதே ஆண்டு ஆகஸ்டில் மெம்ஃபிஸில் ஒரு பிளேஆஃபை வென்றார். வயது 45.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு பெற்றோரிடம் ஒரு எச்சரிக்கையும் சொல்வேன். 'ரோஸ் 21 முறை தோற்றும் மேலே வந்தார், நீயும் வருவாய்' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இருபது முறை தோற்று விலகியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். விலகுவதும் ஒரு நியாயமான முடிவுதான். ஆனால் தோல்விகளின் நடுவில், அழுத சாயங்காலத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். ஒரு பருவம் முழுக்க ஆடட்டும், படிப்பும் நண்பர்களும் கூடவே இருக்கட்டும், பருவம் முடிந்து ஓய்வெடுத்த பிறகு பிள்ளையே சொல்லட்டும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் பருவம் முடியக் காத்திருக்கக் கூடாது. போட்டிக்கு முன்தினம் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலி, வாந்தி. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது. சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்குவது. விளையாட்டைத் தாண்டி நண்பர்களையும் தவிர்ப்பது. 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரை அணுகுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆலோசனைக்கு வரும்போது பதக்கங்களையும் சான்றிதழ்களையும் கொண்டுவர வேண்டாம். கடந்த மூன்று மாதப் பயிற்சி அட்டவணை, தூங்கும் நேரம், காயங்கள், சமீபத்திய ரத்தப் பரிசோதனை இருந்தால் போதும். முதலில் பிள்ளையோடு தனியாகப் பேசுவேன், அந்த நேரம் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். பிள்ளை சொன்னதை அதன் சம்மதமில்லாமல் உங்களிடம் சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் தவிர. இதை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.