கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

“சாப்பிடலேன்னா தாத்தா கிஃப்ட் தர மாட்டாரு.” “தம்பியை அடிச்சே இல்ல, தாத்தா பாத்துட்டேதான் இருக்காரு.” டிசம்பர் பிறந்ததும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கொடுக்கப்படும் வேலை இதுதான். மற்ற மாதங்களில் போலீஸ்காரரும் பூச்சாண்டியும் பார்த்த வேலையை இந்த ஒரு மாதம் அவர் பார்க்கிறார். குழந்தை மனநல ஆலோசனையில் நாங்கள் காணும் வரையில், தாத்தாவின் மீதுள்ள பிரியத்தைச் சீக்கிரம் வாட வைப்பது இந்த மிரட்டல்தான்.

நான்கு வயதுக் குழந்தைக்கு ‘நாளை மறுநாள்’ என்பதே பிடிபடாத தூரம். மூன்று வாரம் கழித்து வரப்போகும் பரிசைக் காட்டி இன்றைய இட்லியை ஊட்ட முடியாது. எவ்வளவு அடம் பிடித்தாலும் 25ஆம் தேதி பரிசு வந்துவிடும் என்பதை ஒரே வருடத்தில் குழந்தை தெரிந்துகொள்ளும். அதோடு மிரட்டல் செல்லாக்காசு. இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. எதிர்வீட்டுப் பையனுக்குத் தாத்தா சைக்கிள் கொடுத்திருக்கிறார், நம் பிள்ளைக்குக் கலர் பென்சில். ‘நல்ல பிள்ளைக்குத்தான் பரிசு’ என்று சொல்லி வளர்த்திருந்தால், வீட்டில் பணமில்லை என்று அது நினைக்காது. ‘நான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை போல’ என்றுதான் நினைக்கும். ஆகவே தாத்தா தரும் பரிசு நூறு, இருநூறு ரூபாய்க்குள் இருக்கட்டும். விலை உயர்ந்தது எதுவானாலும் அப்பா அம்மா பெயரிலேயே போகட்டும்.

இந்தத் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலஸ் 4ஆம் நூற்றாண்டில் மிரா நகரில், அதாவது இன்றைய துருக்கியில், ஆயராக (பிஷப்பாக) இருந்தவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. அந்தப் பெண்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்களா என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லை.

‘எல்லாத்தையும் பாத்துட்டிருக்காரு’ என்ற வசனத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விசுவாசமுள்ள பெற்றோர் பலருடைய கவலை, ‘தாத்தா பொய்னு தெரிஞ்சா இயேசுவும் பொய்தானான்னு கேப்பானே’ என்பது. எங்கும் நிறைந்திருப்பது, மனதில் நினைப்பதை அறிவது, ஜெபத்தைக் கேட்பது எல்லாம் கடவுளுக்குச் சொல்பவை. அவற்றைத் தூக்கித் தாத்தாவுக்கும் கொடுத்துவிட்டால் குழந்தை இருவரையும் ஒரே அலமாரியில்தான் வைக்கும். தாத்தாவை விளையாட்டுத் தோழராக மட்டும் வைத்திருங்கள். இயேசுவின் பிறப்பைக் காட்டும் குடிலுக்குள் அவர் பொம்மையை வைக்காதீர்கள். அவரிடம் ஜெபம் செய்யச் சொல்லாதீர்கள். பிறகு வரும் கேள்வியை அப்போது பாதி சமாளித்துவிடலாம்.

அடுத்தது முகமூடி. நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகள் தாத்தாவை முதலில் பார்ப்பது, வாலிபர் குழு வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸில். நடு இரவு, டிரம் சத்தம், வாசலில் இருபது பேர், நடுவில் அசையாத பிளாஸ்டிக் முகத்தோடு ஒருவர் ஆடிக்கொண்டே வருகிறார். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த இரண்டு வயதுக் குழந்தை அலறாமல் என்ன செய்யும்? சின்னக் குழந்தைகள் எதிரில் இருப்பவரின் கண்ணையும் வாயையும் பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். முழு முகமூடி அந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. வாலிபர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகமூடிக்குப் பதில் தாடியும் தொப்பியும் மட்டும் போதும். குழந்தை இருக்கும் வீட்டில் டிரம்மை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். தாத்தா ஏழெட்டு அடி தள்ளியே நிற்கட்டும். மிட்டாயைக் குழந்தையின் கையில் திணிக்காமல் அம்மாவிடம் கொடுக்கட்டும். பெற்றோரும், ‘பாரு பாரு, தாத்தாகிட்ட போ’ என்று கைமாற்றி விடக்கூடாது. தூங்கும் குழந்தையை எழுப்பவே வேண்டாம். மூன்று முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. முதல் வருடம் பயந்த குழந்தைக்கு, மறுவருடம் பகல் வெளிச்சத்தில் தெரிந்த மாமா ஒருவர் கண்முன்னாலேயே தாடியை மாட்டிக் கழற்றிக் காட்டினால் பயம் பெரும்பாலும் போய்விடும். ரகசியம் உடைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். மூன்று, நான்கு வயதில் மாமாவும் தாத்தாவும் ஒரே ஆளாக இருப்பதில் குழந்தைக்கு ஒரு முரணும் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைதான் செருப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும்.

நம்பிக்கை என்றால் ஏமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் வூலியும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ‘மிட்டாய் சூனியக்காரி’ என்று புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கி மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் சொன்னார்கள். ஹாலோவீன் இரவில் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள் என்பது கதை. சில வீடுகளில் பெற்றோர் அப்படியே செய்தார்கள். சற்று மூத்த பிள்ளைகளில், பொம்மை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட உறுதியாக நம்பினார்கள். அதாவது குழந்தைகள் ஆதாரத்தை எடைபோடுகிறார்கள். அந்த ஆதாரத்தைத் தயாரித்துக் கொடுப்பது நாம் என்பதால், அளவு தெரிந்து செய்ய வேண்டியதும் நாம்தான்.

நான்கிலிருந்து ஆறு வயது வரை கடிதம், பதில் கடிதம், தாத்தாவுக்கென எடுத்து வைத்த ஒரு துண்டு கேக் எல்லாம் அழகான விளையாட்டு. பதிலை இடது கையால் இரண்டே வரி எழுதுங்கள். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் அற்ப விஷயங்களில்தான்: பீரோ மேல் மிச்சமிருக்கும் அதே கிஃப்ட் பேப்பர் சுருள், கிழிக்க மறந்த விலைச் சீட்டு, ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டி. ஆனால் ஏழு, எட்டு வயதில், ‘நம்ம வீட்ல புகைபோக்கியே இல்லையே, கிரில் கேட்டும் பூட்டியிருக்கு, எப்படி உள்ளே வந்தாரு?’ என்று குழந்தை கேட்கத் தொடங்கிய பிறகு புது ஆதாரம் எதையும் உருவாக்காதீர்கள். தாத்தா பேசுவது போல் போலி வீடியோ, தெரிந்தவரை வைத்து போன் கால், தரையில் மாவால் காலடித்தடம் எல்லாம் அந்த வயதில் விளையாட்டு அல்ல. தன் புத்தி சொல்வதை நம்பாதே என்று குழந்தைக்குச் சொல்வதாக அது ஆகிவிடும். பின்னால் வரும் கோபமும் தாத்தா இல்லை என்பதற்காக வருவதில்லை. சந்தேகப்பட்டபோது தன்னை மடக்கினார்களே என்பதற்காக வருகிறது.

நம்பிக்கையை உண்மையில் உயிரோடு வைத்திருப்பது காத்திருப்பு. அதற்குக் குடிலைவிட நல்ல கருவி இல்லை. அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் குடில் அமைத்ததிலிருந்து வரும் வழக்கம் இது. நாம் அதில் கேழ்வரகுப் புல்லைச் சேர்த்துக்கொண்டோம். அந்தப் புல் வளர்க்கும் வேலையை முழுக்கக் குழந்தையிடம் விடுங்கள். டிசம்பர் 14 வாக்கில் ஒரு கைப்பிடி கேழ்வரகை இரவு ஊறவைத்து, மறுநாள் முழுவதும் ஈரத்துணியில் கட்டி வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். இரண்டு அங்குல மண் போட்ட தட்டில் நெருக்கமாகத் தூவி, முதல் இரண்டு நாள் ஈரச் செய்தித்தாளால் மூடி நிழலில் வையுங்கள். மூடாவிட்டால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டுக் காலை, மாலை தெளித்தால் போதும். ஊற்றினால் பூசணம் பிடித்து நாறும்; குழந்தை பெரும்பாலும் ஊற்றத்தான் செய்யும், ஆகவே சொம்பைக் கொடுக்காமல் ஸ்பிரே பாட்டிலைக் கொடுங்கள். 24ஆம் தேதிக்குள் குடிலுக்குப் போதுமான புல் எழுந்திருக்கும். அழுகிப்போனால் திருட்டுத்தனமாக மாற்றி வைக்காதீர்கள். பாதி வழுக்கையான புல்தரையிலும் ஆடுகள் நிற்கும். தீவனத்தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கட்டும், பாலன் சுரூபத்தை வைப்பதும் குழந்தையாகவே இருக்கட்டும். வைக்கோலுக்குப் பக்கத்தில் சூடாகும் பல்பு வேண்டாம், எல்.இ.டி. சீரியல் லைட்டானாலும் படுக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

‘சாண்டா நிஜமா?’ என்ற கேள்வி வந்தால், முதல் முறை ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று திருப்பிக் கேளுங்கள். குழந்தை தானே நம்புவதற்குக் காரணம் அடுக்கினால் அது இன்னும் விளையாட விரும்புகிறது, விட்டுவிடலாம். ‘சும்மா சொல்லும்மா, நீங்கதானே வெக்கிறீங்க?’ என்று வந்துவிட்டால் பிறகு ஒளிக்கக் கூடாது. ‘ஆமாண்டா, நாங்கதான். எங்களுக்கு எங்க அப்பா வெச்சாரு. இப்ப உனக்குத் தெரிஞ்சிடுச்சு, அதனால நீயும் எங்க பக்கம்’ என்று நேராகச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ஜாடையாகச் சொல்லாமல், தாத்தா வேடத்துக்கான உடையின் படத்தைக் காட்டித் தெளிவாகச் சொல்வது நல்லது. குழந்தை இடிந்துபோகும் என்ற பயம் பெற்றோருடையது. ஆண்டர்சன், பிரெண்டிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 52 குழந்தைகளிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் ஏழு வயது வாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள், அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். வருத்தப்பட்டது பெற்றோர்தான்.

‘எங்க பக்கம்’ என்று சொன்னால் உடனே வேலை கொடுக்க வேண்டும். பள்ளிகளில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு என்று சீட்டுக் குலுக்கி ரகசியமாகப் பரிசு கொடுப்பார்களே, அதேதான். ஐம்பது ரூபாய் கொடுத்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வாட்ச்மேன் தாத்தா, பக்கத்து வீட்டுப் பாட்டி, யாராகவும் இருக்கலாம். அந்த ஆளுக்கு என்ன தேவை என்று நான்கு நாள் நோட்டமிட வேண்டும், வாங்கி வைக்க வேண்டும், கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. தம்பி தங்கையிடம் ரகசியத்தைக் காப்பதும் இந்தப் பதவியோடு சேர்ந்தது.

நாமாகச் சொல்வதாக இருந்தால் டிசம்பரில் வேண்டாம், ஜனவரிக்கு மேல் சொல்லுங்கள். லீவுக்கு வந்த பெரியப்பா பையன் 24ஆம் தேதி சாயங்காலம் போட்டு உடைத்துவிட்டால் அவனைத் திட்டி ஊரைக் கூட்டாதீர்கள். அழுகிற பிள்ளையைத் தனியே அழைத்து உண்மைதான் என்று சொல்லிவிட்டு, அன்று இரவே தம்பியின் பரிசுக்கு கிஃப்ட் பேப்பர் சுற்ற உட்கார வையுங்கள். போட்டு உடைத்தவனும் பக்கத்தில் உட்கார்ந்து டேப் வெட்டிக் கொடுக்கட்டும்.