விடுமுறை நாளின் மதிய வெயிலும் மின்கட்டமைப்பும்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரையில் சூரிய மின்தொகுதி வைத்திருப்பவர்களிடம் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது: ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணிவரை உங்கள் தொகுதிகளை நிறுத்தி வையுங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறக்காத நாட்டில், மின்சாரம் தருபவரையே நிறுத்தச் சொன்னது பலரைக் கோபப்படுத்தியது. கோபம் நியாயமானதுதான். சபை சொன்ன காரணமும் பொய்யல்ல.

கட்டமைப்பில் உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் எண் மீடிறன். மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்று அலைவதால் அது 50 ஹேர்ட்ஸ். நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் நீராவிச் சுழலிகள் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழல்வதால்தான் இந்த 50 கிடைக்கிறது. எங்கோ ஒரு மின்னிலையம் திடீரென நின்றால், குறைந்துபோன சக்தியை மீதிச் சுழலிகள் தங்கள் சுழற்சியிலிருந்தே கொடுக்கின்றன. அதனால் அவற்றின் வேகம் குறைகிறது, மீடிறனும் விழுகிறது. எவ்வளவு விரைவாக விழும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணத்தில் சுழன்றுகொண்டிருக்கும் இரும்பின் மொத்தச் சடத்துவம், அதாவது வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை. கூரைப் பலகைகளின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டருக்குள் சுழல்வது எதுவும் இல்லை. கட்டமைப்பின் அலையைப் பார்த்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும். கூரைத் தொகுதிகளின் மொத்தக் கொள்ளளவு 2025இல் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இருந்தது. சிறிய தொகுதிகளைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து குறைக்க வழியில்லை. அவை எவ்வளவு தருகின்றன என்பதே அங்கே மதிப்பீடுதான். ஆகவே குறைக்கக்கூடியவை எல்லாம் குறைக்கப்படும்: முதலில் எண்ணெய், பிறகு நீர்மின். நிலக்கரி அலகை ஓரளவுக்கு மேல் இறக்கினால் கொதிகலனில் தீ நிலைக்காது. சுழலும் இயந்திரங்கள் சில மட்டுமே மிஞ்சும்.

இதைக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். மாலை உச்ச நேரத்தில் 2,500 மெகாவாட் சுழலிகள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் தன் முழுக் கொள்ளளவில் 4 செக்கன் ஓடத்தக்க இயக்க ஆற்றலைச் சேமித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 மெகாவாட்-செக்கன். அப்போது 270 மெகாவாட் இழந்தால், மீடிறன் விழும் வேகம் 50ஐ 270ஆல் பெருக்கி, 10,000இன் இரு மடங்கால் வகுத்தால் வருவது: செக்கனுக்கு 0.7 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. விடுமுறை மதியம் 600 மெகாவாட் சுழலிகளே ஓடினால் சேமிப்பு 2,400. அதே இழப்புக்கு வேகம் செக்கனுக்கு 2.8 ஹேர்ட்ஸ். 50இலிருந்து 48.75 என்ற அபாய எல்லைக்கு இறங்க மாலையில் ஏறத்தாழ 1.9 செக்கன் இருந்தது. மதியத்தில் அரைச் செக்கன்கூட இல்லை. நீர்க்கதவையோ நீராவி வால்வையோ திறந்து சக்தியைக் கூட்டும் கவர்னருக்குச் சில செக்கன்கள் தேவை. அது அசையும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, முற்பகல் 11.30 மணியளவில் நாடு முழுவதும் இருண்டபோது நிலைமை இதற்கு நெருக்கமாகத்தான் இருந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு ஏற்பட்ட கோளாறே தொடக்கம். உலகமே குரங்கைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் குரங்கும் பாம்பும் மரக்கிளையும் உப மின்நிலையங்களில் என்றும் வந்துபோகிறவை. ஒரு மின்மாற்றியின் கோளாறைத் தாங்குவது எந்தக் கட்டமைப்புக்கும் அடிப்படைத் தகுதி. அந்த நேரத்தில் தேவையின் பாதியளவைச் சூரிய மின்சாரம் சுமந்துகொண்டிருந்தது, சடத்துவம் குறைவாக இருந்தது என்று சபை பின்னர் விளக்கியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. நீர்மின்னைப்போல நிலக்கரி அலகை உடனே மீட்டெடுக்க முடியாததால், மின்சாரம் அன்றே திரும்பிய பிறகும் அடுத்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது.

கட்டமைப்பைக் காக்கக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. மீடிறன் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால், ரிலேக்கள் எனும் தானியங்கி ஆளிகள் சில விநியோகப் பாதைகளைத் தாமாகவே துண்டித்துத் தேவையைக் குறைக்கும். இந்த ஏற்பாடு வடிவமைக்கப்பட்ட காலத்தில் எந்தப் பாதையும் மின்சாரத்தை வாங்குவது மட்டும்தான். இன்று நகர்ப்புறப் பாதை ஒன்று மதியத்தில் 8 மெகாவாட் பயன்படுத்தி, தன் கூரைகளிலிருந்து 7 மெகாவாட் தரக்கூடும். ரிலே அதை வெட்டினால் கிடைக்கும் நிவாரணம் 8 அல்ல, 1 மெகாவாட். பாதை ஏற்கெனவே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால், வெட்டியது உற்பத்தியை. மீடிறன் இன்னும் விழும். என் பார்வையில் அதிகம் பேசப்படாத, உடனே திருத்தப்பட வேண்டிய இடம் இதுதான். பாயும் திசையைப் பார்த்து முடிவெடுக்கும் ரிலேக்கள் சந்தையில் உண்டு.

அடுத்தது இன்வெர்ட்டரின் அமைப்பு எண்கள். வீதியில் மின்சாரம் போனால் கூரைத் தொகுதி 2 செக்கனுக்குள் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியில் வேலை செய்பவரின் உயிர் போகும். மின்வெட்டின்போது வெயில் கொளுத்தினாலும் பேட்டரி இல்லாத வீட்டில் விளக்கு எரியாதது இதனால்தான். சிக்கல், இந்த விழிப்பு அளவுக்கு மிஞ்சும்போது வருகிறது. தொலைவில் நடந்த கோளாறால் வோல்ட்டளவு ஒரு கணம் சரிந்தாலே ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்கள் சேர்ந்து விலகினால், சிறு கோளாறு பெரிய உற்பத்தி இழப்பாகிவிடும். ஜேர்மனி இதை முன்பே சந்தித்தது: அங்கிருந்த பழைய இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை 50.2 ஹேர்ட்ஸில் ஒரேயடியாக நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. 2012 முதல் ஏறத்தாழ 3,15,000 தொகுதிகளின் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. புதிய இன்வெர்ட்டர்கள் மீடிறன் கூடக் கூட வெளியீட்டைப் படிப்படியாகக் குறைக்கும். குறுகிய வோல்ட்டுச் சரிவைத் தாங்கி நிற்கும். ஆனால் பொருத்துபவர் சரியான நாட்டுக் குறியீட்டை, அதாவது அந்த நாட்டு விதிகளுக்கான அமைப்பை, தெரிவுசெய்திருக்க வேண்டும். பெட்டியில் வந்தபடியே விடப்பட்டவை நிறைய.

உங்கள் வீதியிலும் ஒரு தனிச் சிக்கல் நடக்கும். 5 கிலோவாட் ஒருமுனை (single-phase) தொகுதி ஏறத்தாழ 22 அம்பியர் தள்ளும். 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.44 ஓம். மின்மாற்றியிலிருந்து 300 மீட்டரில் வீடு இருந்து, மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல் கம்பியையும் அதே தடிப்பாக எடுத்தால், போகவரத் தடை 0.26 ஓம், வோல்ட்டளவு ஏறத்தாழ 6 கூடும். அதே முனையில் (phase) இப்படி மூன்று வீடுகள் இருந்தால் 17 வோல்ட்டுக்கு மேல். மின்மாற்றியடியில் 238 இருந்தால் கடைசி வீட்டில் 255. வோல்ட்டளவு எல்லை மீறினால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இன்வெர்ட்டர் மதியம் 12 மணிக்கு நின்று நின்று வருகிறது என்றால், பலகையைக் குறைசொல்லும் முன் அதன் திரையில் வோல்ட்டளவைப் பாருங்கள். மூன்று வீடுகளையும் மூன்று முனைகளுக்குப் பிரித்தாலே பெரும்பாலும் தீரும், நியூட்ரலில் ஓட்டம் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால். அடுத்த வழி, மின்மாற்றியின் வெளியீட்டு வோல்ட்டளவை மாற்றும் டப்பை (tap) ஒரு படி இறக்குவது. வெட்டு எல்லையை இன்வெர்ட்டரில் உயர்த்திவிடுவது சிலர் செய்யும் குறுக்குவழி. அயல்வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி அதற்கு விலை கொடுக்கும்.

இனிப் பணம். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில், கட்டமைப்புக்குத் தரும் ஓர் அலகு (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாய், பிறகு 15.50 என்று இருந்தது. எந்த மணிக்குத் தந்தாலும் ஒரே விலை. அதனால் எல்லோரும் ஆண்டு விளைச்சல் கூடும்படி பலகைகளை வைத்தார்கள்; எல்லோருடைய உச்சமும் மதியத்தில் விழுந்தது. நாட்டின் உச்சத் தேவையோ மாலை 6.30க்குப் பிறகு. இலங்கையின் அகலக்கோட்டில் 10 பாகை சாய்வில் மேற்கு நோக்கி வைத்தால் ஆண்டுக்குச் சில சதவீதமே இழப்பு, பிற்பகல் 3க்குப் பிந்தைய விளைச்சல் கூடும். ஆனால் அப்படி வைக்க விலையில் ஒரு காரணமும் இருக்கவில்லை.

2025இல் அறிவிக்கப்பட்ட விலைகள் இதைத் திருப்பிப் போட்டன: 5 கிலோவாட் வரையான தொகுதிக்குப் பகலில் அலகுக்கு 20.90 ரூபாய், பேட்டரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் தந்தால் 45.80. 10 அலகு ஏற்றினால் 9 அலகு திரும்பும் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். பகலில் விற்றிருந்தால் 209 ரூபாய். இரவில் விற்றால் 412. மழை நாட்களைக் கழித்து ஆண்டுக்கு 300 இரவுகள் என்றால் மேலதிக வருமானம் ஏறத்தாழ 61,000 ரூபாய். பேட்டரியின் விலையை, பொருத்தும் கூலியோடு சேர்த்து, இந்த 61,000ஆல் வகுத்துப் பாருங்கள். விடை பேட்டரியின் உத்தரவாத ஆண்டுகளைத் தாண்டினால் விற்பனையாளர் காட்டும் அட்டவணையை நம்ப வேண்டாம். தாண்டாவிட்டால், இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியையும் இணைக்கக்கூடிய ஹைப்ரிட் வகையா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு பல மதிப்பீட்டுத் தாள்களில் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.