குழந்தையின் கால் வீக்கம் எல்லாம் யானைக்கால் இல்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை. ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண், இடது கால் முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. அவளுடைய அப்பா மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் மேஜை நிறையச் சீட்டுகள்: நடுராத்திரியில் எழுப்பி எடுத்த ரத்தப் பரிசோதனை மட்டும் ஐந்து தடவை, யானைக்கால் மாத்திரை நாலு கோர்ஸ். வீக்கம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். "பொறந்தப்பவே புறங்கால் பொதபொதன்னு இருந்துச்சு மேடம், கொழுகொழுன்னு இருக்குன்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா.

பிறந்தபோதே இருந்த வீக்கத்துக்குக் கொசு எப்படிப் பொறுப்பாகும்?

பிசியோதெரபிஸ்டாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்னொரு தடவை சொல்கிறேன். யானைக்கால் நோய், கொசு ஒரு தடவை கடித்து வருவதில்லை, மாதக்கணக்கில் பல தடவை கடித்துப் புழு உள்ளே போய், ஆண்டுக்கணக்கில் நிணநீர்க் குழாய்களில் (திசுக்களில் தேங்கும் நீரை வடித்து எடுத்துப்போகும் குழாய்கள்) குடியிருந்த பிறகுதான் பெரும்பாலும் கால் வீங்கும். (நாள்பட்ட யானைக்காலில்கூட ரத்தத்தில் கிருமி தெரியாமல் போகலாம், அதனால் சீட்டை மட்டும் பார்க்காமல் வீக்கம் வந்த வயதைக் கேளுங்கள் என்று எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.) சில குழந்தைகளுக்கு நிணநீர்க் குழாய்களே சரியாக உருவாகியிருக்காது, நீர் வடியாமல் கால் வீங்கும். சிலருக்குப் பிறந்தவுடன் தெரியும், சிலருக்கு வயசுக்கு வரும் சமயத்தில் தெரியும். ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இது வருவதை மில்ராய் என்ற அமெரிக்க மருத்துவர் 1892இலேயே எழுதிவிட்டார். பெண் குழந்தை கை கால் வீங்கிப் பிறந்து, வளர்த்தியும் குறைவாக இருந்தால் டர்னர் குறைபாடு (பெண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் ஒரு குரோமோசோம் குறைபாடு) உண்டா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரே பரிசோதனையை ஐந்து தடவை வேண்டாம் என்கிறேன்.

அப்புறம், இந்த நிணநீர் வீக்கம் ஒட்டாது. உண்மையான யானைக்காலே தொட்டால் ஒட்டாதபோது இந்தப் பெண்ணை வகுப்பில் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இது முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம், அதற்கு வீட்டில்தான் வேலை. அழுத்த ஸ்டாக்கிங்கைக் காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மாட்டினால் அதற்குள் வீக்கம் ஏறியிருக்கும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காது. குழந்தை வளர்கிறது, அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக அளவெடுக்க வாருங்கள், போன வருஷத்து ஸ்டாக்கிங்கைப் போட்டுவிட்டு "பலன் இல்லை" என்று சொல்லாதீர்கள். குளித்ததும் விரல் இடுக்கைத் துடையுங்கள். நம் ஊர் வேர்வையில் அங்கேதான் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். வெறுங்காலில் விட வேண்டாம். ஊசி, தடுப்பூசி எதுவானாலும் வீங்காத காலில். நாட்டு வைத்தியம் என்று சூடு போடுவது, கீறி நீர் எடுப்பது, எண்ணெய் வைத்து அழுத்தி உருவுவது, தயவு செய்து எதுவும் வேண்டாம். நாங்கள் செய்யும் மசாஜ் பூனைக்குட்டியைத் தடவுகிற அளவுக்குத்தான் இருக்கும்.

பி.டி. பீரியடில் உட்கார வைக்காதீர்கள். ஓடட்டும், சைக்கிள் ஓட்டட்டும், நீச்சல் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரே அழுத்தம் கொடுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து சுட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்தச் சமயத்தில் மசாஜும் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் கொலுசைக் கழற்றினேன். வளையம் வளையமாகக் கணுக்காலில் பள்ளம் விழுந்திருந்தது, அதற்குள் பவுடர் அப்பிக் கிடந்தது. ஆண்டு விழாவில் டான்ஸ் ஆடலாமா என்று கேட்டாள். தாராளமாக, ஸ்டாக்கிங் போட்டுக்கொண்டு ஆடு என்றேன். தோல் நிறத்தில் வேண்டாம், கறுப்பில் கிடைக்குமா என்றாள். கிடைக்கும், பத்து நாள் ஆகும்.