சுத்தம் செய்யாத கணவாய்தான் வேண்டும்

பினாங்கின் புலாவ் தீக்குஸ் சந்தையில் நான் சோத்தோங், அதாவது கணவாய், கேட்டதும் மீன்கார அண்ணனின் கை தன்னால் அதன் தலையைப் பிடித்து இழுக்கப் போகும். "அண்ணே, சுத்தம் பண்ணாதீங்க, மையோட வேணும்!" என்று கத்தினால்தான் நிற்பார். இப்போது பழகிவிட்டது, "இன்னிக்கு எத்தனை பிள்ளைங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்கிறார்.

பினாங்கில் சுற்றிலும் கடல், ஆனால் என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்குக் கணவாய் என்றால் சம்பலில் கிடக்கும் வெள்ளை வளையம்தான். அதனால் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு கணவாயும் மழுங்கிய நுனிக் கத்தரிக்கோலும் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் எண்ணச் சொல்வேன். எட்டுக் கைகள், இரையைப் பிடிக்க நீளமாக இன்னும் இரண்டு. ஆக்டோபஸுக்கு எட்டோடு சரி. அப்புறம், தண்ணீரைப் பீய்ச்சும் குழாய் இருக்கும் பக்கத்தை மேலே திருப்பி, கத்தரிக்கோல் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி மேல் சதையை மட்டும் வெட்டவேண்டும், ஏனென்றால் ஆழமாகப் போனால் மைப்பை கிழிந்துவிடும், முதல் வகுப்பில் நானே கிழித்து ஒரு பையனின் வெள்ளைச் சட்டையை நாசம் செய்திருக்கிறேன்.

திறந்ததும் எல்லாரும் கேட்பது, "ரத்தம் எங்க டீச்சர்?" அதில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் சிவப்பாக இருக்காது, பிராணவாயு சேர்ந்தால் நீலம். இறகு போன்ற இரண்டு செவுள்களின் அடியிலும் ஒவ்வொரு இதயம், உடம்புக்கென்று இன்னொன்று, ஆக மூன்று. மூளை உளுந்து வடை மாதிரி, உணவுக்குழாய் நடு ஓட்டை வழியாகப் போகிறது என்றதும் சிரிப்பு அடங்க நேரமாகும். கைகளின் நடுவே அழுத்தினால் கிளி அலகு போன்ற வாய் வெளியே வரும். கண்ணிலிருந்து எடுத்த லென்ஸைத் தமிழ்ப் பத்திரிகை மேல் வைத்தால் 'ழ' பெரிதாகத் தெரியும், அதற்குத்தான் அடிதடி.

ஆக்டோபஸை மட்டும் நான் வெட்டுவதில்லை. அத்தனை புத்தியுள்ள ஒன்றை மேசையில் கிடத்த எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். உடம்பில் கெட்டியானது அலகு ஒன்றுதான் என்பதால் அலகு நுழையும் ஓட்டையில் முழு உடம்பும் நுழைந்துவிடும் என்று சொன்னாலே போதும், பிள்ளைகள் வாயைப் பிளந்துவிடுவார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு விஷயம். சிப்பி, கணவாய் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், சிலருக்குத் தொட்டாலே தடிக்கும். தெலுக் பாஹாங் கடற்கரைப் பக்கம் நீர் வற்றிய பாறைக் குழிகளில் பிள்ளைகளைக் கையை நுழைக்க விடாதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் நீலவளைய ஆக்டோபஸ் நம் வட்டாரக் கடல்களில் உண்டு. கடித்தது வலிக்காமலே போகலாம், ஆனால் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும், மாற்று மருந்து கிடையாது. உடனே மருத்துவமனைதான். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அதனால் பிடித்துவந்து குழம்பு வைக்கும் வேலையும் வேண்டாம்.

வெட்டிய கணவாயை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் வெயிலூரில் மேசையில் கிடந்ததைச் சமைக்க முடியுமா? எங்கள் சந்துப் பூனைகளுக்குச் சனிக்கிழமை எதுவென்று தெரியும்.