வீடியோவில் மருத்துவரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவை

வீடியோ ஆலோசனையில் மருத்துவருக்குக் கண்ணும் காதும்தான் மிச்சம். வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லும் அளவுகள். அவை பிசகினால் மருந்தும் பிசகும்.

அதிகம் பிசகுவது ரத்த அழுத்தம். அளப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். கருவியின் பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால், வயதானவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். ஒருநாள் அளவைவிட, ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வைத்த தாள் மருத்துவர்களான எங்களுக்குப் பல மடங்கு உதவும்.

ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவிக்கு நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஆகாது. முதலில் தெரியும் எண்ணைச் சொல்லிவிடாமல், எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். கருநிறத் தோலில் சில கருவிகள் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சு வாங்குவதைத்தான் நம்ப வேண்டும்.

குழந்தைக்கு இருமலோ காய்ச்சலோ என்றால், அது அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழு 60 விநாடிகள் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது, குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. 2 முதல் 11 மாதம் வரை 50-க்கும், 1 முதல் 5 வயது வரை 40-க்கும் குறையாமல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே நேரில் காட்ட வேண்டும்.

ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். மஞ்சள் விளக்கில் காமாலையும் சோகையும் தெரியாமல் போகும். தோலில் தடிப்பு என்றால் வீடியோவை நம்பாமல், பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று ஒரு படமும், அருகில் அளவுகோல் வைத்து ஒரு படமும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள். மாத்திரைகளின் பெயரை நினைவிலிருந்து சொல்லாமல் அட்டைகளையே கேமரா முன் காட்டுங்கள்.

நெஞ்சுவலி, வாய் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு வீடியோ அழைப்பு வேண்டவே வேண்டாம், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியும் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டியதே. அதனால் “நேரில் வாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம்.

பேசத் தொடங்கியதும் நீங்கள் இருக்கும் முகவரியையும் மாற்று எண்ணையும் சொல்லிவிடுங்கள். நடுவில் ஒருவர் மயங்கினால் உதவி வர அதுவே வழி. முடிக்கும் முன் மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். எந்த அறிகுறி வந்தால், எத்தனை மணி நேரத்துக்குள் நேரில் வர வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு அழைப்பைத் துண்டியுங்கள்.