நம்பிக்கை போய்விட்டது, கூடவே போனது எது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "கடவுள் நம்பிக்கை என்னைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. யோசித்துத்தான் விலகினேன், அதில் வருத்தமில்லை. ஆனால் வழிபாட்டிலிருந்து திரும்பும்போது முன்பு இருந்த அந்த நிறைவு இப்போது எதிலும் கிடைப்பதில்லை. மதம் இல்லாமல் மகிழ்ச்சி சாத்தியமே இல்லையா?"

சாத்தியம்தான். ஆனால் அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் சராசரியாகக் கூடுதல் திருப்தியுடன் வாழ்கிறார்கள் என்று அமெரிக்காவில் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது ஏன் என்று சேயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இரு சமூக அறிவியல் ஆய்வாளர்கள் துருவிப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தனியாகச் செய்யும் பிரார்த்தனையோ, என்ன கொள்கையை நம்புகிறோம் என்பதோ பெரிய வித்தியாசம் தரவில்லை. சேர்ந்து வழிபடும் சபைக்குள் நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர் என்பதுதான் தந்தது. கூடவே 'இது என் கூட்டம்' என்ற அழுத்தமான உணர்வும் வேண்டியிருந்தது. நண்பர் யாரும் இல்லாமல் வாராவாரம் போய்வந்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை.

சரி, ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருப்பது உடம்புக்குள் அப்படி என்னதான் செய்கிறது? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகுப் போட்டி வீரர்கள் 12 பேரை ஆய்வாளர்கள் அழைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் துடுப்பு இயந்திரத்தில் 45 நிமிடப் பயிற்சி. ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் அணியாக, எல்லோர் கையும் ஒரே தாளத்தில். செலவிட்ட சக்தி இரண்டு நாளும் ஏறத்தாழ ஒன்றே. பயிற்சிக்கு முன்னும் பின்னும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, 'வலிக்கிறது' என்று சொல்லும்வரை காற்றடித்தார்கள். உடற்பயிற்சி செய்தால் யாருக்கும் வலி தாங்கும் எல்லை கொஞ்சம் உயரும். அணியாகச் செய்த நாளில் அந்த உயர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

மகிழ்ச்சியைத் தேடப் போனவர்கள் வலியை ஏன் அளந்தார்கள்? மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் அபினைப் போல வேலை செய்யும் பொருள். வலியை மட்டுப்படுத்தும், இதமான ஒரு நிறைவையும் தரும். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனையை வைத்து மூளையில் நடப்பதைச் சொல்ல முடியாது. நேரடியாக அளக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். துடுப்புப் போட்டுவிட்டு வந்தவரிடம் அதைக் கேட்க முடியுமா? வலி தாங்கும் எல்லை உயர்ந்தால் எண்டார்ஃபின் சுரந்திருக்கும் என்று ஊகிப்பது சுற்றுவழி. ஆனால் அழகான சுற்றுவழி.

ஊகத்தை வலுப்படுத்தும் நேரடிச் சான்று ஃபின்லாந்திலிருந்து வந்தது. நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையை, உள்ளே நடக்கும் வேதி மாற்றங்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. அபின் வகைப் பொருள்கள் சுரந்திருந்தது அதில் தெரிந்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதாக வந்ததல்ல. குரங்குகள் மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. அப்போது அவற்றின் மூளைத் தண்டுவட நீரில் எண்டார்ஃபின் கூடுவதை அளந்திருக்கிறார்கள். ஆனால் பேன் பார்ப்பது ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கு. கூட்டம் பெரிதானால் நேரம் போதாது. சேர்ந்து சிரிப்பது, பாடுவது, ஆடுவது எல்லாம் தொடாமலே பலருக்கும் ஒரே நேரத்தில் பேன் பார்ப்பது மாதிரி என்கிறார் பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார். அந்தப் படகு ஆய்விலும் அவர் இருந்தார்.

காதில் ஹெட்ஃபோன் மாட்டி நால்வர் நால்வராக ஆடவைத்த சோதனை ஒன்றும் உண்டு. ஒரே பாட்டுக்கு ஒரே அசைவுகளைச் செய்த குழுவில்தான் வலி தாங்கும் எல்லை உயர்ந்தது. ஒரே பாட்டைக் கேட்டு ஆளுக்கொரு விதமாக ஆடிய குழுவில் உயரவில்லை. இசை மட்டும் போதவில்லை, உடம்புகள் ஒத்துப்போக வேண்டியிருந்தது.

கூட்டு வழிபாட்டில் சிலிர்த்தவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு நிஜம்தான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் பலரோடு சேர்ந்து பாடும்போது மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. அதை வைத்து 'பிரபஞ்ச சக்தி இறங்கியது' என்று காசு வாங்குகிறவர்கள் மேல்தான் என் கோபம். அதே கோபத்தோடு இன்னொன்றையும் சொல்கிறேன். ஒரு பட்டையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தாலே செய்யக்கூடிய இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி தருகிறவர்கள் இன்னும் தாராளமாகத் தர வேண்டும். 12 பேரை வைத்துச் செய்ததை 1,200 பேரை வைத்துச் செய்து பார்க்க வேண்டாமா?

இன்பம் சரி, வாழ்வின் அர்த்தம்? நதானியல் லாம்பர்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தாம் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று உணர்ந்த தருணத்தைச் சிலரை நினைவுகூரச் சொன்னார்கள். வேறு சிலரை, பிறர் உதவிய அல்லது பாராட்டிய தருணத்தை. வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்று அப்புறம் கூடுதலாகச் சொன்னவர்கள் முதல் குழுவினர்தான்.

கடிதம் எழுதியவருக்குக் கடைசியாக ஒரு சோதனை. பெரியவர்களுக்கான வகுப்புகள் சிலவற்றை ஆய்வாளர்கள் ஏழு மாதம் கவனித்தார்கள். சில பாட்டு வகுப்புகள், சில கைவினை வகுப்புகள், சில எழுத்து வகுப்புகள். பாட்டு வகுப்பினர் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். ஆனால் ஏழாவது மாதத்தில் பார்த்தால் மற்ற வகுப்பினரும் அதே அளவு நெருங்கியிருந்தார்கள். உங்களுக்குப் பாட வராது என்றால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை அதே முகங்களைப் பார்க்க முடிகிற ஓர் இடம், அப்புறம் ஏழு மாதம்.