மட்டுறுத்துநர்: சொல்லும் பொருளும்

மின்னஞ்சற்குழுவில் உறுப்பினர் எழுதும் மடல் அனைவருக்கும் போய்ச் சேருமுன் அதைப் படித்துப் பார்த்து வழிவிடுபவரை ஆங்கிலத்தில் மாடரேட்டர் என்பர். தமிழர் யாகூ குழுமங்களில் மடலாடிய காலத்தில் இதற்கு மட்டுறுத்துநர் என்னும் சொல் புழங்கியது. அக்குழுமங்களை யாகூ 2020 டிசம்பரில் மூடிவிட்டது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

மாடரேட்டர் இலத்தீனிலிருந்து வந்தது. அளவு என்று பொருள்படும் மோடுஸ் என்பதே அதன் வேர். குதிரையையோ கப்பலையோ கட்டுக்குள் வைத்துச் செலுத்துபவரையும் அம்மொழியில் இச்சொல் குறித்தது. திருச்சபை வழக்கில் அவைத்தலைவருக்கு இப்பெயர் உண்டு; 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தலைவரும் மாடரேட்டரே, அவரைத் தமிழில் பிரதமப் பேராயர் என்கிறோம். அணு உலையிலோ அது ஆள் அன்று, பொருள். கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர் அவ்வேலையைச் செய்கிறது. நம் பாடநூல்கள் அதைத் தணிப்பான் என்கின்றன. தணிப்பான் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கிறதே தவிர அவற்றை விழுங்குவதில்லை (விழுங்குபவை கட்டுப்பாட்டுக் கழிகள்). வேகம் குறைவதால்தான் அவ்வுலையில் தொடர்வினை அறுபடாமல் நடக்கிறது. குழு நடத்துபவரின் வேலையை இதைவிடப் பொருத்தமாகக் காட்டும் உவமை எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். மட்டு என்பது அளவு, எல்லை; மட்டுமீறி, மட்டுப்படுத்து என்பவற்றில் இருப்பது அதுவே. (தேன் என்னும் பொருளில் வரும் மட்டு வேறு, திருச்சி மலைக்கோட்டை மட்டுவார்குழலம்மையின் பெயரில் இருப்பது அது.) உறு என்பதன் பிறவினை உறுத்து; அறிவுறுத்து, வலியுறுத்து என்பவற்றைப் போல மட்டுறுத்து என்றால் அளவுக்குள் வரச் செய்தல். இறுதியிலுள்ள -நர் என்பது பொருநர், ஓட்டுநர், இயக்குநர் என்பவற்றில் வருவது. ஆகவே மட்டுறுத்துனர் என்று றன்னகரம் இட்டு எழுதுவது பிழை. மோடுஸ், மட்டு இரண்டும் அளவையே குறிப்பதும் ஒலியில் நெருங்கியிருப்பதும் வியப்புத்தான், ஆயினும் அதை வைத்து உறவு கொண்டாடுவதற்கில்லை.

நடுவர் என்றால் போதாதா எனச் சிலர் கேட்பர். பட்டிமன்ற நடுவர் இறுதியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். குழுவில் யார் வாதம் வென்றது என்று சொல்வது மட்டுறுத்துநரின் வேலையன்று. நெறியாளர் தொலைக்காட்சி விவாதத்துக்கும் ஆய்வேட்டுக்கும் உரியவராகிவிட்டார். தணிக்கையாளர் என்பது முற்றிலும் தவறு; அவர் வெட்டுபவர், மட்டுறுத்துநரோ அளவுக்குள் வைத்து வழிவிடுபவர்.

மெயில்மேன் என்னும் மென்பொருளைக் கொண்டு குழு நடத்துபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்கூடு. நிறுத்திவைக்கப்பட்ட மடல் ஒவ்வொன்றின் எதிரிலும், ஒத்திவைத்தல், ஏற்றல், காரணம் எழுதித் திருப்புதல், ஓசையின்றி நீக்கல் என நான்கு தெரிவுகள் இருக்கும். நான் ஒரு சிறு குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விலக விரும்பிய ஒருவர் அதற்குரிய முகவரியை விட்டுக் குழு முகவரிக்கே எழுத, ‘என்னையும் நீக்கவும்’ என்று பதினொரு பேர் அதற்கு மறுமொழி அனுப்பினர். பன்னிரண்டாவது மறுமொழி வருமுன் குழு முழுவதையும் அவசர மட்டுறுத்தலில் போட்டேன், அதாவது எவர் மடலும் என் பார்வைக்கு நிற்கும்படி செய்தேன். எவரையும் நீக்கவில்லை, விலகும் வழியை ஒரே மடலில் எழுதிவிட்டு மறுநாள் காலை திறந்துவிட்டேன்.

அண்மையில் வினைச்சொல்லின் பொருள் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ‘உங்கள் மடல் மட்டுறுத்தப்பட்டது’ என்று அறிவித்தால், நீக்கப்பட்டதாகவே பலர் புரிந்துகொள்கின்றனர். பார்வைக்காகக் காத்திருக்கும் மடலை ‘மட்டுறுத்தலில் உள்ளது’ என்றும், எடுத்துவிட்டதை ‘நீக்கப்பட்டது’ என்றும் பிரித்து எழுதினால் இக்குழப்பம் வராது.